பல்லாஜி வீட்டுக் கதவைத் தட்டியவளுக்கு

நம் கட்டடத்தின் மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததுமே டர்பன்டைன் வாசனை முகத்தில் அடித்தது. தில்லி கரோல் பாகில் இந்த வாசனை புதிதில்லை. ஆனாலும் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். நீ போய் ஒரு குளிர்காலம் முழுசாக முடிந்துவிட்டது.

அன்றைக்கும் இதே வாசனைதான். மூன்றாவது மாடியில் நஸ்ரீன் வீட்டு வாசலில் நீயும் நானும் குந்தி உட்கார்ந்து, பழைய பனியன் துணியை டர்பன்டைனில் நனைத்துக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். காஷ்மீரில் குண்டு வெடித்து, எல்லா வீட்டு டிவியும் கத்திக்கொண்டிருந்த வாரம் அது. நஸ்ரீன் காஷ்மீர்க்காரி. சால்வை வியாபாரம் செய்யும் கணவனோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் அங்கே வாடகைக்கு இருந்தாள். அவள் கதவில் சிவப்பு எனாமலில், 'காலி செய்' என்று இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தேய்க்கத் தேய்க்க மங்கியதே தவிர, போகவில்லை.

"போலீசுக்குப் போவோம்ளா," என்றேன். என் திருநெல்வேலித் தமிழ் கோபத்தில்தான் முழுசாக வெளியே வரும் என்று நீ கேலி செய்வாய். அன்று செய்யவில்லை.

கதவிடுக்கில் நின்ற நஸ்ரீன், "வேண்டாம் தீதி. மகளுக்குப் பரீட்சை," என்றாள்.

நீ துணியைப் பிழிந்தாய். "புகார் குடுக்கறதா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். அவங்க வேணாங்கிறாங்க. நமக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"எழுதினவர்கிட்ட போய்ப் பேசறது."

எழுதியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்து பல்லாஜி. அவர் அதை மறைக்கவும் இல்லை. வீட்டு கேட்டுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருந்தது, அதில் எழுதினேன் என்று பால்காரரிடமே சொல்லியிருந்தார்.

அதுவரை உன் பௌத்தத்தை நான் சாதுவான ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அலமாரித் தட்டில் சின்னதாக ஒரு புத்தர் படம், ஆபீசுக்குக் கிளம்புமுன் 'புத்தம் சரணம் கச்சாமி' என்று திரிசரணம், வைகாசிப் பௌர்ணமிக்கு வெள்ளைப் புடவை. கோலார் தங்கவயலில் உன் தாத்தா காலத்திலேயே வீட்டுக்குள் வந்த நம்பிக்கை அது என்று சொல்லியிருக்கிறாய். அதற்குள் இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அந்த மனுஷன் மாறவா போறாரு?" என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"மாறமாட்டாருன்னு நெனச்சா, நான் தெனம் காலைல இன்னாத்துக்கு புத்தர் முன்னாடி உக்கார்றேன்? காரணம் இல்லாம எந்தக் கோவமும் வராது. அந்தக் காரணத்தை அவர் வாயால கேக்கணும்."

பல்லாஜி எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "அறிவுரை சொல்ல வந்தீங்கன்னா, இப்படியே திரும்பிப் போங்க."

"கேக்க வந்திருக்கோம், அங்கிள். உக்காரலாமா?" என்றாய்.

உட்கார்ந்தோம். அவர் பேசினார். அவர்களெல்லாம் இப்படித்தான், அவர்களை நம்பவே கூடாது என்று என்னென்னவோ சொன்னார். எனக்குக் காது சுட்டது. நீ குறுக்கே பேசவில்லை, ஒப்புக்குத் தலையாட்டவும் இல்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "நீங்க சொன்னதுல எனக்குச் சம்மதம் இல்ல அங்கிள். நாளைக்கு வரலாமா?" என்று கேட்டாய்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். பேச்சு திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றியது. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவர், "ஒரு தெருவுல யார் இருக்கணும் யார் இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது எங்க உரிமை," என்றார். நீ நிதானமாகச் சொன்னாய்: "எங்க தாத்தாவையும் ஒரு தெரு அப்படித்தான் வெளிய நிறுத்துச்சு, அங்கிள். அதனாலதான் ஊரை விட்டுட்டு சுரங்கத்துக்குள்ள எறங்கினாரு. அந்தத் தெரு மேல எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கோவம் ஆறல. எனக்கும் ரொம்ப நாள் ஆறல. உங்களுக்கு ஆறாதது எது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தங்கை மகனைப் பற்றிச் சொன்னார். ராணுவத்தில் இருந்தவன். காஷ்மீருக்குப் போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். தங்கை அழுவாள் என்று வீட்டில் யாரும் அவன் பெயரையே எடுப்பதில்லை.

நஸ்ரீனிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் அவளையும் பல்லாஜியையும் உன் வீட்டில் உட்காரவைத்தாய். மன்னிப்புக் கேட்கும்படி நீ அவரிடம் சொல்லவில்லை. மன்னிக்கும்படி அவளிடமும் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. நஸ்ரீன்தான் முதலில் பேசினாள்.

"பையன் பேர் என்ன?"

"ரோஹித்," என்றார் பல்லாஜி.

"என் தம்பி பேர் இம்தியாஸ். கடைக்குப் போனவன் திரும்பி வரல. எங்க இருக்கான்னு இன்னிவரைக்கும் தெரியாது."

யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. அந்த வாரக் கடைசியில் பல்லாஜி உப்புத்தாளும் பிரஷ்ஷுமாக மூச்சிரைக்க மூன்றாவது மாடி ஏறினார். கதவு முழுக்கச் சுரண்டி, அவரே பெயிண்ட் அடித்தார். கட்டடத்தில் இதைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். சிலர் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ அவர்களுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாய். நஸ்ரீன் மகள் இங்கிருந்தே பள்ளிப்படிப்பை முடித்தாள்.

வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம், ஆபீசில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தபோதே உன் இருதயம் நின்றுவிட்டது. பிக்கு வந்து ஓதினார். ஓக்லாவுக்கு வீடு மாறிப் போயிருந்த நஸ்ரீன் ஓடிவந்தாள். அவளைப் பார்த்துக் கையைக் கூப்புவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பல்லாஜி சுவரோரமாக நின்றார்.

இப்போது நம் கட்டடத்தில் வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. மேல்மாடிக்கு மிசோரமிலிருந்து மூன்று பெண்கள் வந்திருக்கிறார்கள், கோச்சிங்கில் படிக்கிறவர்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று வாட்ஸப் குரூப்பில் எழுதியது நம் சுதா. பூர்வீகம் தஞ்சாவூர், தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அங்கே எழுந்து நின்று, கூடாது என்றுதான் சொல்லப் போகிறேன். எத்தனை பேர் முகத்தைத் திருப்பினாலும் அதில் மாற்றம் இல்லை.

ஆனால் அதோடு என் வேலை முடிந்துவிடாது என்பது நீ எனக்குள் விட்டுப்போன தொந்தரவு. நான் இன்றும் முருகனைக் கும்பிடுகிறவள். திரிசரணம் பாதிதான் தெரியும். ஆனால் எந்த மனிதரும் முடிந்துபோன கதை இல்லை என்ற உன் நம்பிக்கையை இனி என்னால் இறக்கிவைக்க முடியாது.

இன்று சாயங்காலம் சுதா வீட்டுக்குப் போனேன்.

"அச்சா, குரூப் மெசேஜ் விஷயமா? சண்டைன்னா எனக்கு டைம் இல்ல, ஆன்ட்டி."

"சண்டை இல்ல. நீ ஏன் எழுதினேன்னு தெரிஞ்சுக்கணும்."

சமையல் வாசனை, வேளை கெட்ட நேரத்தில் வருவது போவது என்று அடுக்கினாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் பொண்ணு தெனம் அங்கயேதான் இருக்கா ஆன்ட்டி. அவங்களோட சிரிச்சுப் பேசறா. எங்கிட்ட பேசி மாசக்கணக்காச்சு."

"மேல போய் அந்தப் பொண்ணுங்களைப் பாத்தியா?"

"இல்ல. என்ன பேசறது அவங்ககிட்ட?"

"உன் பொண்ணைப் பத்திக் கேளு."

துப்பட்டாவை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "நான் எதையும் வாபஸ் வாங்கல," என்றாள்.

"வாங்க வேண்டாம்."

சுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள். மேல்மாடி வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றாள். நான் கையை நீட்டவில்லை. பெல்லை அவளே அழுத்தினாள்.