உப்பில்லாச் சோறும் ஏறுற பில்லும்

அன்புள்ள மகன் குகனுக்கு, கிள்ளான்ல இருந்து அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன், உன் பொண்ணும் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து பால் குடிக்கிறா, வேலைக்குப் போன பெர்த்துல நீயும் நல்லா இருப்பேன்னு நம்புறேன். உன் பொண்டாட்டி நிரஞ்சனி நல்லா இருக்கான்னு எழுதத்தான் கை வரல. போன்ல சொன்னா ஓகேம்மா ஓகேம்மான்னு வச்சிடுற, அதான் எழுதி உன் தங்கச்சி வாணியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்றேன், முழுசா படி.

பிள்ளை பெத்தவங்க எல்லாம் ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போறாங்க, இவ மட்டும் ஏன் இன்னும் ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, பில் ஏன் இப்படி ஏறுதுன்னு கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குறியே, டாக்டரம்மா சொன்னதைச் சொல்றேன் கேளு. இது டிப்ரஷனாம், இப்ப வந்தது இல்லையாம், மாசமா இருக்கும்போதே இருந்திருக்காம். சோறு தண்ணி இல்ல, தூக்கம் இல்ல, செக்கப்புக்குக் கூப்பிட்டா நாளைக்குப் போலாம்பா, பிள்ளை முன்னாடியே எடை கம்மியா பிறந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். இப்ப பிள்ளைக்கு ஒரு டாக்டர், தாய்க்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர், அப்புறம் பில் ஏறாம இறங்குமா? வளைகாப்பு அன்னைக்கே அவ முகம் சரியில்லடான்னு சொன்னேன், சும்மா டயர்டுலான்னு சொல்லிட்டு மறுநாளே பிளேன் ஏறிட்ட.

சரி அது போகட்டும், அவளுக்குப் பிரஷர் கூடிப்போச்சுன்னு குடும்ப வாட்சப்புல போடச் சொல்லி யாருடா உன்கிட்ட அழுதா? உண்மையைச் சொன்னா சொந்தக்காரங்க பைத்தியம்னு பேசுவாங்களாம், உனக்கு மானம் போயிடுமாம். இப்ப கூத்தைப் பாரு. பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து உன் நல்லம்மாள் அத்தை தினமும் டிபன் கேரியரைத் தூக்கிட்டு ரயிலேறி வந்துடுறாங்க, பிரஷருக்கு ஆகாதுன்னு எதுலயும் ஒரு கல்லு உப்பு இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க, எனக்கே குமட்டுது. சாப்பிடவே மாட்டேங்குற பொண்ணுக்கு அதை ஊட்டுறாங்க, அவ ரெண்டு வாய் வாங்கிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறா. சாப்பிட்டுத் தெம்பு வந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்னு டாக்டரம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. ஆக நீ சொன்ன பொய்க்கும் சேர்த்துத்தான் பில் ஏறுது, தெரிஞ்சுக்கோ.

நேத்து எனக்குப் பொறுக்கல, அத்தைகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன், நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. பைத்தியம் கியித்தியம்னு ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு அவங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்க கேரியரை மூடி வச்சுட்டு, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, பச்ச உடம்புக்காரியை இப்படி வதைச்சுட்டேனேன்னு ஒரு மூச்சு அழுதாங்க. இன்னைக்குப் பூண்டு போட்டு மீன் குழம்பு வந்துச்சு, கோவத்துல போட்ட மாதிரி உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனா நிரஞ்சனி பாதித் தட்டு சாப்பிட்டா.

சாப்பிட்டுட்டு மெதுவா என்கிட்ட ஒண்ணு கேட்டா, காலையில போன் பண்ணினாரே, என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரான்னு. நீ கேட்டது பில்லைப் பத்தி. முதல்ல உன்னைத்தான்மா கேட்டான்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டு அவ சிரிச்சாடா, பிள்ளை பிறந்த பிறகு இன்னைக்குத்தான்.

முருகன் உன்னைக் காப்பாத்தட்டும், வேளைக்குச் சாப்பிடு, முதலாளிகிட்ட லீவு கேளு. இதைப் படிச்ச கையோட அவளுக்குப் போன் போட்டு, நான் சொன்ன பொய்யை உண்மையாக்கு. பில்லுன்னு மட்டும் வாயெடுக்காதே.

இப்படிக்கு,
உன்மேல கோவம் இன்னும் ஆறாத
அம்மா மலர்