விழாமல் முறிந்த கால்

உரும்பிராய் கிழக்கு,
உரும்பிராய்.
12.02.1995

அன்புள்ள சோமசேகரம் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வழக்கமாக இப்படி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம். இந்த முறை சுகம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

மார்கழியில் நீங்கள் எழுதிய கடிதம் தை முடியக் கிடைத்தது. சண்டை நிறுத்தம் வந்த பிறகு கடிதங்கள் கெதியாக வருகின்றன என்று தபால்காரர் பெருமைப்படுகிறார், பேச்சுவார்த்தைக்குத் தானே போய் வந்தவர் மாதிரி. சைக்கிள் ஓடத் தெரியாத பெண்ணையா எனக்குப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று பகிடி பண்ணியிருந்தீர்கள். மீன் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் நீங்களும் பனியில் சறுக்கி விழுவதாகவும், ஆகவே நமக்குள் நல்ல பொருத்தம் என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்துச் சிரித்தேன். பிறகு அதே கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நான் சைக்கிளால் விழவில்லை. சாவகச்சேரியில் இருக்கும் உங்கள் அக்கா உங்களுக்கு எழுதியது, எங்கள் அம்மா அவருக்குச் சொன்ன கதை. அக்காவில் ஒரு பிழையும் இல்லை. என் வலது தொடை எலும்பில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கட்டி வந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். இப்போது நடக்கிறேன். ஆனால் அந்த முழங்கால் மடியாது, இனி ஒருநாளும் மடியாது. இது தெரிந்த பிறகும் என்னைக் கட்டுவதா விடுவதா என்பதை நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை அம்மாவுக்கு ஒளித்து எழுதவில்லை. காலையில் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். குசினிக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை. ஒருதரம் மட்டும் கதவடியில் வந்து நின்று, "பிள்ளை, முறிவு எண்டு எழுது. முறிவு எண்டால் மாறிப்போச்சு எண்டு ஆக்கள் நம்புவினம். கட்டி எண்டால் ஆர் நம்புவினம்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர் அப்படித்தான். ஆனாலும் நான் எழுதுகிறேன். ஏனென்று கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

நீங்கள் இருவீட்டாருக்கும் சம்மதம் என்று எழுதிய அந்த 1993 ஆனி மாதத்தில்தான் முழங்காலுக்கு மேலே நோ தொடங்கியது. நல்லூரில் இருக்கும் ரியூட்டரிக்கு நாளாந்தம் சைக்கிளில் போய்ப் படிப்பித்து வந்தேன், அந்த அலுப்பு என்றுதான் நானும் நினைத்தேன். படுத்தால் நோ கூடியது. பிறகு அந்த இடம் மெல்ல வீங்கியது. அதற்குள் ஒருநாள் பக்கத்து வீட்டு அருமைநாயகி அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, என்ன பிள்ளை நொண்டுகிறாய் என்று கேட்டுவிட்டார். கலியாணம் பேசி வைத்த வீட்டில் வருத்தம் என்ற சொல் வேலி தாண்டக்கூடாது, உங்களுக்குத் தெரியாததில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்னரே, சைக்கிளால் விழுந்துவிட்டாள் என்று அம்மா சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு அது ஒரு சின்னப் பொய்.

அந்தப் பொய்க்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டி வந்தது. எங்கே விழுந்தாள் என்று கேட்டால் ஒழுங்கை முடக்கில் என்றார். எப்படி விழுந்தாள் என்று கேட்டால் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது என்றார். அந்த ஆட்டுக்குட்டியின் நிறம் வரைக்கும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சில நாளில் எனக்கே அந்த ஆட்டைக் கண்ட மாதிரி இருந்தது.

விழுந்தவளை முறிவு வைத்தியரிடம் காட்டாமல் இருந்தால் ஊர் சந்தேகப்படும் அல்லவா? காட்டினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமாக விழுந்தது என்று கேட்டார். வலது பக்கம் என்று அம்மா சொன்னார். விழுந்த காலுக்குச் செய்ய வேண்டியதை அவர் மனம் வைத்துச் செய்தார். எண்ணெய் போட்டு உருவினார். முட்டை வெள்ளைக்கருவும் உழுத்தம்மாவும் குழைத்துப் பூசிப் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் வீக்கம் கூடியிருந்தது. பிறகு ஒரு பிறைவேற் டொக்டரிடம் போனோம். அங்கேயும் அம்மா ஆட்டுக்குட்டியோடுதான் உள்ளே போனார். அவர் நோவுக்குக் குளிசை தந்து, எக்ஸ்றே பிலிமுக்குத் தட்டுப்பாடாக இருக்கிறது, விழுந்த அடிதானே, பொறுத்துப் பார்ப்போம் என்றார். யாரைக் குறை சொல்வது? அவர்கள் எல்லோரும் விழுந்த காலுக்குத்தான் வைத்தியம் செய்தார்கள். விழாத காலை அவர்களுக்கு ஒருவரும் காட்டவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் கிணற்றடியில் குளித்துவிட்டுப் படியால் இறங்கினேன். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் விழுந்தேன். விழுந்ததால் கால் முறியவில்லை, கால் முறிந்ததால் விழுந்தேன். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பெரியாஸ்பத்திரியில் இருந்த ஒரு இளம் டொக்டருக்கு மட்டும் உடனே பிடிபட்டது.

அண்ணை பக்கத்து வீட்டுக்காரரின் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் என்னைக் கிடத்திக் கொண்டுபோனார். எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் பிலிமை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். எவ்வளவு காலமாக நோகிறது என்று என்னைத்தான் கேட்டார். அம்மா ஒழுங்கை முடக்கில் தொடங்கினார். அவர் மரியாதையாக, "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை சொல்லட்டும்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு ஆளுக்கு உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிய, முறிந்த கால் கிடந்து வலித்தாலும், நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

தொடை எலும்பின் கீழ் முனையில் ஒரு கட்டி எலும்பை உள்ளுக்குள்ளே தின்றிருக்கிறது, மேல் ஓடு முட்டைக்கோது போல மெலிந்து போயிருக்கிறது, அதனால்தான் பாரம் தாங்காமல் உடைந்தது என்று அவர் விளங்கப்படுத்தினார். என்ன வகைக் கட்டி என்று சொல்வதற்கு உள்ளிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எடுத்து, போத்தலில் அடைத்து, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வரும்வரை, முறிந்த எலும்பு நேராக நிற்பதற்காகக் காலில் கல்லுக் கட்டித் தொங்கவிட்டபடி கிடந்தேன். அந்த நாட்களில் அம்மா புற்றுநோய் என்ற சொல்லை ஒருதரமும் சொல்லவில்லை. 'அது' என்றுதான் சொன்னார். அதுவாக இருக்காது, அதுவாக இருந்தால் இப்படிப் பசிக்குமா என்று என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துச் சமாதானப்பட்டுக்கொள்வார். அதற்காகவே பசிக்காத நேரத்திலும் சாப்பிட்டேன்.

அதுவாக இருக்கவில்லை. உடம்பெல்லாம் பரவுகிற வகை இல்லை, ஆனால் பொல்லாதது, மிச்சம் வைத்தால் அதே இடத்தில் திரும்ப வரும் என்று மறுமொழி வந்தது. எலும்பு உடையுமுன் வந்திருந்தால் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு இடுப்பு எலும்பில் கொஞ்சம் வெட்டி அந்தக் குழியை நிரப்பியிருக்கலாம், முழங்கால் தப்பியிருக்கும் என்றார் டொக்டர். எவ்வளவு முன்னர் என்று நான் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இனி நடக்க வேண்டியதைக் கதைப்போம் என்றார். அவர் சொல்லாமல் விட்டது அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மா என் முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. எனக்கு அவரில் கோபம் இருந்தது. நிறைய இருந்தது. இப்போது அவர் என் காலுக்கு எண்ணெய் பூச வந்து, பூசலாமா கூடாதா என்று தெரியாமல் போத்தலோடு நிற்பதைப் பார்க்கும்போது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பருத்தித்துறையில் இருந்து நோயாளரை ஏற்றும் கப்பலில் அம்மாவும் நானும் போனோம். கொழும்பில் ஒப்பறேசன் நடந்தது. முழங்காலோடு சேர்த்து அந்த எலும்புத் துண்டை எடுத்துவிட்டு, என் உடம்பிலேயே வேறிடத்தில் எடுத்த எலும்பை வைத்து, தொடையிலிருந்து கீழ்க்கால் வரைக்கும் நீளமாக ஒரு உருக்குக் கம்பி செலுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மன்னாரைச் சேர்ந்த பெர்னடெட் என்ற பிள்ளை இருந்தாள். பள்ளிக்கூடம் முடித்த வயசு. அவளுக்கும் தொடை எலும்பில்தான், ஆனால் அவளுடையது மற்ற வகை. காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். மருந்தேற்றி முடியும் கொட்டிவிட்டது. பார்க்க வருகிற தமிழ் ஆட்கள் எல்லோரும் அவளிடம் ஷெல்லா, மிதிவெடியா என்று கேட்பார்கள். இல்லை, வருத்தம் என்பாள். உடனே அவர்களுடைய முகம் மாறும். ஷெல் என்றால் கட்டிலடியில் இருந்து அழுதுவிட்டுப் போகிறவர்கள், வருத்தம் என்றால் தோடம்பழத்தை வைத்துவிட்டு ஓரமாக நடந்து போவார்கள். ஷெல் என்று சொல்லிவிட்டால் என்ன என்று நான்தான் ஒருநாள் கேட்டேன், வீட்டுப் பழக்கம். "அக்கா, காலும் போய், அது என்னெண்டு போனது எண்டதும் பொய்யாப் போனால், எனக்கு என்ன மிச்சம்?" என்றாள். ஊருக்கு வந்த பிறகு அவளுக்கு எழுதினேன். மறுமொழி வரவில்லை. தபால் பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். வலது கால் சற்றுக் கட்டை என்பதால் அந்தச் செருப்புக்கு மட்டும் அடி உயர்த்தித் தைத்திருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் என் கால் நடைபாதைக்கு நீட்டி நிற்கும், எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணையின் சைக்கிள் கரியரில் இருந்து போகும்போதும் அப்படியே, எதிரே வருகிறவர்கள் விலகி வழி விடுகிறார்கள். ரியூட்டரியில் நின்று படிப்பிக்கிறேன். நிலத்தில் சம்மணம் கட்டி இருக்க முடியாது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: கக்கூசில் குந்த முடியாது, அண்ணை சீமெந்தால் உயரமாகக் கட்டித் தந்திருக்கிறார். மணவறையில் எப்படி இருப்பது என்று அம்மா ரகசியமாக ஐயரைக் கேட்டிருக்கிறார். முக்காலி போடலாம், தோஷமில்லை என்றாராம். அம்மி மிதிப்பதும் வலது கால்தான். அது முடியும், நீங்கள் பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டும், கொஞ்சம் பாரமாக இருக்கும்.

சில மாதங்களுக்கு ஒருதரம் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும். போன முறை ஒன்றும் இல்லை. கம்பியைச் சுற்றி எலும்பு வடிவாக வளர்ந்திருக்கிறது என்று டொக்டருக்கே சந்தோஷம். திரும்ப வராது என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை என்று கேட்காமலே சொன்னார். அம்மா வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் எழுதியது நீங்கள் இரக்கப்பட்டு ஓம் சொல்வதற்காக அல்ல. எனக்கு உங்களோடு வாழ விருப்பம். உங்கள் கடிதங்கள் வர வர அது கூடியிருக்கிறது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்? வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் எழுதுங்கள். அக்காவிடம் சொல்லி அனுப்பாமல், சாதகத்தில் ஏதோ குறை என்று சொல்லாமல், காரணத்தை எழுதி எனக்கே அனுப்புங்கள். நான் தாங்குவேன். ஒரு பொய்யைத் தாங்கியதில் ஒரு முழங்கால் போய்விட்டது, இன்னொன்றைத் தாங்க என்னால் முடியாது.

அம்மா இப்போதுதான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுதி முடிஞ்சுதோ என்று கேட்டார். உங்களுக்குத் தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார்.

கந்தன் உங்களைக் காப்பாற்றட்டும். குளிருக்கு நல்ல சப்பாத்தாகப் போடுங்கள். தனியே இருக்கிறீர்கள், பகிடியாகவே எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி, ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எங்காவது நோ வந்தால், சறுக்கி விழுந்தேன் என்று யாருக்கும் சொல்லிச் சமாளிக்காதீர்கள். நோகிறது என்று சொல்லுங்கள். அங்கே சொல்வதற்கு ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஞானாம்பிகை