சந்தனப் பட்டை போட்ட கதவு

அன்பு மகன் முகேஷுக்கு, திருப்பரங்குன்றத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் இசைவாணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோர்வையாக வராது, அதனால் இதை எழுதி, படம் பிடித்து அனுப்ப உன் தங்கச்சி இசைவாணியிடம் சொல்கிறேன்.

கம்பெனிக்கு இப்போது போவதில்லை. சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காகப் கம்பெனியைச் சோதித்துப் பார்க்கப் போன மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு ஆடிட் அம்மா வந்தது. முந்தின நாளே எங்களுக்கு முகமூடியெல்லாம் கொடுத்து, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமும் நடத்தினார்கள். தையல் ஹாலுக்குப் பின்னால், தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று ஒரு இரட்டைக் கதவு உண்டு. துணி திருட்டுப் போகும் என்று அதை எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அன்றைக்குப் பூட்டைக் கழற்றி மேலே வெளியே போகும் வழி என்று பச்சைப் போர்டு மாட்டினார்கள், திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தபோது, அந்த இரட்டைக் கதவுக்கும் இரண்டையும் சேர்த்துக் குறுக்கே நான் பட்டை போட்டிருந்தேன். ஆடிட்டுக்கு முன்னால் அதைத் துடைக்கவா என்று நான் கேட்டதற்கு, சாமி காரியத்துல கை வைக்காதக்கா என்று சூப்பர்வைசர் செல்வக்குமார்தான் தடுத்தார்.

அந்த அம்மா கதவருகே நின்று, பட்டை நல்லாருக்கேக்கா, எப்பப் போட்டீங்க என்று கேட்டது. நடத்திய பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆயுத பூசைக்குத்தாம்மா, நாந்தான் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்போது தை மாதம். கதவை ஒரு தடவை திறந்திருந்தாலும் பிளந்திருக்கும், பட்டையின் நடுவில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த அம்மா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. கதவைச் சரிபண்ணச் சொல்வார்கள் என்று நினைத்தோம். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள், எங்கள் ஹால் மொத்தத்தையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பக்கத்து மெஷின் சரண்யாதேவி, அந்தப் பூட்ட ஒன் வாய்க்குப் போட்ருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கைக்குழந்தைக்காரி, அவள்மேல் கோபமில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. காலையில் எழுந்து டிபன் பாக்ஸில் சோறு கட்டுகிறேன், கட்டிய பிறகுதான் போக இடமில்லை என்று தெரிகிறது. மத்தியானம் அதையே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வாட்ச்மேன் விருமாண்டி அண்ணனைக் கடையில் பார்த்தேன், அந்தக் கதவு இப்ப ராவும் பகலும் தெறந்தேதான் கெடக்கு தாயி என்றார். உள்ளேதான் ஆள் இல்லை.

நீ கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு நல்லா இரு. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். நீ வேலை பார்க்கிற குடோனில் பின்பக்கக் கதவு இருந்தால், நாளைக்கே ஒரு தடவை தள்ளிப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா மலையம்மாள்