கன்னி மூலையில் நட்ட சென்சார்

காமயகவுண்டன்பட்டி
புரட்டாசி 11

மகன் மதன்குமாருக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, தோட்டத்துக்குத்தான் இல்லை. நீயும் நாகஜோதியும் பேத்தியும் ஜெர்மனியில் சுகமாகத்தான் இருப்பீர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஊர். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வெட்டிவிடுகிறாய், காகிதத்தை வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

ஆவணி பதினெட்டில் திராட்சைக்குக் கவாத்து முடிந்தது. வெட்டிய கொடி தளிர் விடும்வரை வேர் காயக்கூடாது, இது நீ நடை பழகும் முன்பே இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மழை இல்லை, காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. அந்த நேரம் பார்த்து நீ மண்ணில் சொருகுகிற சென்சார் ஒன்றை அனுப்பினாய், ஸ்டார்ட்டர் பெட்டியிலும் ஒரு டப்பாவை மாட்டச் சொன்னாய். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று அது உன் போனுக்குச் சொல்லுமாம், நீ அங்கிருந்தே மோட்டாரை ஓட்டுவாய், நிறுத்துவாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுப்பையும் மோட்டார் ரூம் சாவியையும் உன் மச்சினன் ஈஸ்வரபாண்டியிடம் கொடுத்தாய். நாற்பது வருஷம் அந்தப் பந்தலுக்குக் கீழே குனிந்தே நடந்தவள் நான், அவன் வடுகபட்டியில் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தவன். பந்தல் கம்பி இழுக்கச் சொன்னதற்குப் பன்னிரண்டு வயதில் கோம்பைக்கு மாமன் வீட்டுக்கு ஓடிப்போய் நாலு நாள் கழித்து வந்தவன் நீ, அதையும் நான் மறக்கவில்லை.

பதினைந்து நாள் நாம் இருவரும் ஒரே மோட்டாரை வைத்துச் சண்டை போட்டோம், பக்கத்துத் தோட்டத்தார் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனைத் திறக்கச் சொல்லி நான் பச்சைப் பட்டனை அழுத்துவேன், குழாயில் சொட்டு விழுவதற்குள் நீ அங்கிருந்து நிறுத்திவிடுவாய். கூப்பிட்டுக் கேட்டால், "ஈரம் எழுபது காட்டுதும்மா, இன்னும் விட்டா வேரு அழுகிரும், ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம வீட்ல கெட" என்றாய். ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். ஒரு முழம் தோண்டி மண்ணை அள்ளிப் பிடித்தேன், உருண்டை நிற்கவில்லை, விரல் இடுக்கில் மாவாக உதிர்ந்தது. ஈஸ்வரபாண்டியிடம் காட்டினால், "அத்தே, மச்சான் எல்லாம் பாத்துத்தான் சொல்றாக, அவுகளுக்குத் தெரியாததா" என்கிறான். மண்ணைத் தொட்டால் அவனுக்கு நகம் அழுக்காகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி சொர்ணலதா குடத்தோடு கன்னி மூலைக்குப் போனாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே என் முகத்துக்கு நேரே, "இந்தம்மாவுக்குக் காது கேக்குமா" என்று கேட்டவள். எங்கேடி என்றேன். "சென்சாருக்குத்தான் பெரியம்மா, ஒரு மண்டலம் தண்ணி ஊத்துறதா நேந்திருக்கேன், வெள்ளாம நல்லா வரணும்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதை நட்டாலும் முதலில் கன்னி மூலையில் நடுவது நம் வழக்கம், செடிக்குச் சரி. உன் மச்சினன் அந்தச் சென்சாரையும் அங்கே இருக்கிற சாமி கல்லை ஒட்டி நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தினமும் ஒரு குடம் ஊற்ற விட்டிருக்கிறான். உன் போனில் எழுபது காட்டியது அந்தக் குடத்துத் தண்ணீர். ஒன்றை மறைக்க மாட்டேன், இரண்டு வெள்ளிக்கிழமை சாமி கல்லுக்கு என்று நானும் அங்கே ஊற்றினேன். அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, வீம்புக்கு நானும் கேட்கவில்லை.

அன்றைக்கே கரண்ட் லைன் பார்க்கிற ஞானதுரையைக் கூட்டிவந்து ஸ்டார்ட்டரில் உன் டப்பாவைக் கழற்றிவிட்டேன், பரணில் கிடக்கிறது. சென்சாரைத் தூக்கி எறியவில்லை, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நட்ட இடத்து ஈரத்தை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. பிடுங்கிக்கொண்டு போய் ஆறாவது வரிசையில், இரண்டு கொடிக்கு நடுவே, வேர் ஓடுகிற ஆழத்தில் நானே நட்டேன். கையைக் கழுவுவதற்குள் நீயும் நாகஜோதியும் மாறி மாறி ஏழு தடவை கூப்பிட்டீர்கள். எடுக்கவில்லை. மண் காய்ந்துவிட்டது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். மோட்டாரைப் போட்டுவிட்டு, சொட்டு விழுகிறதா என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான வரிசையில் நேற்றிலிருந்து தளிர் தெரிகிறது. வடக்கே ஐந்து வரிசையில் கொடியின் கண் திறக்கவில்லை, இனி இந்த வெட்டுக்குத் திறக்காது. மார்கழிக் கடைசியில் அறுப்பு, லீவு போட்டு வா, வந்து அந்த ஐந்து வரிசைக்குக் கீழே தனியாக நின்று அண்ணாந்து பார். வரும்போது ஈஸ்வரபாண்டியிடம் இருக்கிற மோட்டார் ரூம் சாவியை வாங்கி உன் கையால் என்னிடம் கொடு. நானே பிடுங்கிக்கொள்வேன், ஆனால் கொடுத்தவன் நீதான் திருப்பி வாங்க வேண்டும்.

பேத்திக்கும் நாகஜோதிக்கும் என் முழு ஆசீர்வாதம். உனக்குப் பாதி. மீதியை அந்த ஐந்து வரிசையும் அடுத்த கவாத்தில் தளிர் விட்ட பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அம்மா
கருத்தம்மாள்