தண்ணீர் இலவசம் என்று எழுதாத வகுப்பு

இன்றைக்குச் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் தண்ணி கேன் ஒன்றின் மூடியைப் பிய்த்தார்கள். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். உன் வகுப்பறை மேசை மேலும் அப்படி ஒரு கேன் இருந்தது, பிள்ளைகள் காசு போட்டு வாங்கி வைத்தது. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் ஓர் இலவசப் பண்டம் என்று நீ பாடம் நடத்த வேண்டியிருந்தது.

உன் மாமா எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவது எனக்குத் தேவைப்படவில்லை. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது முதல் டேங்கர் லாரி விட்டது நான்தான். என் தண்ணி இல்லையென்றால் இங்கே பாதி கார்கள் பெயிண்ட் இல்லாமலே வெளியே போயிருக்கும். வாலாஜாபாத் வரைக்கும் என் ஹாரன் சத்தம் தெரியாத மாடு கிடையாது. அதனால், நம்ம ஊர் மேல்நிலைப் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்த நீ ஒரு நாள் வந்து, "மாமா, உன் லாரி வேணும், கூட நீயும் வேணும்" என்றபோது நான் ஆச்சரியப்படவே இல்லை.

"எத்தினி லோடு?" என்றேன்.

"லோடு வேணாம் மாமா. பிளஸ் ஒன் பொருளாதாரத்துக்கு ஒரு பாடம் வேணும்."

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தேன். லாரியை ஜன்னல் ஓரமாக நிறுத்தச் சொன்னாய். "இவர் தண்ணி விக்கறார். இவருக்கு இன்னா இன்னா செலவுன்னு கேளுங்க" என்று பிள்ளைகளைக் கிளப்பிவிட்டாய். டீசல், டயர், மோட்டாருக்குக் கரண்ட், டிரைவருக்கு பேட்டா என்று நான் சொல்லச் சொல்ல போர்டில் எழுதினாய்.

"தண்ணிக்கு?"

"தண்ணிக்கு இன்னா செலவு? பூமிக்குள்ள சும்மா கீது."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "உங்க போர்வெல்லுக்கு அடுத்த நெலம் எங்களுது மாமா. கெணறு வத்திப்போய் எங்கப்பா இப்ப கம்பெனி கேட்ல செக்யூரிட்டி. அது யார் செலவு?"

நான் விடுவேனா. "யூனிபாரம்ல ஒங்கப்பா ராஜா மாதிரி கீறாரு. அதுக்கு நீ எனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்" என்றேன். வகுப்பே சிரித்தது, அந்தப் பெண்ணும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. டிரைவர் பேட்டாவுக்குக் கீழே ‘பக்கத்துக் கிணறு’ என்று எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டாய். "இத வாங்கறவரும் தரல, விக்கறவரும் தரல. யாவாரத்துலயே இல்லாத ஒருத்தர் தர்றார்" என்றாய். பிறகு ஏரி, சாயத்தண்ணி, புகை என்று ஒவ்வொன்றாக அந்த வரிசையில் சேர்த்தாய். ஊரில் பாதிப் பேரை அந்தப் போர்டில் நிற்க வைத்துவிட்டாய்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. அந்த வருஷம் தாள்களை வேறு பள்ளிக்கு அனுப்பித் திருத்தினார்கள். இலவசப் பண்டத்துக்கு உதாரணம் தரச் சொல்லிக் கேள்வி. உன் வகுப்பில் ஒருத்தர்கூடத் தண்ணீர் என்று எழுதவில்லை. ‘எங்கள் ஊரில் நீர் இலவசப் பண்டம் அன்று’ என்று எழுதி, காரணமும் எழுதி வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் தப்புப் போட்டார்கள். பாஸ் ஆக வேண்டிய சிலர் அதில் பெயிலாகிப் போனார்கள். பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன். "டீச்சர், எங்க வூட்லயும் கேன்தான். ஆனா விடைக்குறிப்புல இருக்கறதுக்குத்தான் மார்க்கு. பப்ளிக்ல இப்படி எழுதினா நான் இன்னா பண்ணுவேன்? புக்க நடத்துங்க. இல்லன்னா அடுத்த வருஷம் உங்கள வெச்சுக்க முடியாது" என்றார்.

காஞ்சிபுரம் கல்வி ஆபீசில் எனக்குத் தெரியாத ஆளே கிடையாது என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்தவர் வாட்ச்மேன். அவர் பெஞ்சு காட்டினார். மத்தியானம் அதிகாரி உன் பேச்சு முழுவதையும் கேட்டார். "நீங்க சொல்றது சரிம்மா. புக்கு மெட்ராஸ்ல இருந்து வருது. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். திரும்பும் பஸ்ஸில் மந்திரியையே பார்க்கிறேன் என்று நான் கத்திக்கொண்டு வந்தேன். "விடு மாமா" என்றாய்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்து ஓரமாக லோடு ஏற்றிக்கொண்டு போனேன். உன் வகுப்பு கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தது: காற்று, நீர், சூரிய ஒளி. நீ போர்டைப் பார்த்தபடி நின்றிருந்தாய். ஹாரன் அடிக்கலாம் என்று கை போனது. அடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரகடம் ரோட்டில் அந்தக் கன்டெய்னர் லாரியும் உன் ஷேர் ஆட்டோவும். லாரிக்காரன் நான், இந்த ரோட்டில் எனக்கு எத்தனை பேரைத் தெரியும். அன்றைக்கு யாருக்குப் போன் போடுவது என்றே தெரியவில்லை.

கருமாதிக்கு வந்தவர்களிடம் நான்தான் சொன்னேன்: அதிகாரி எழுந்து நின்று உன்னைக் கும்பிட்டார், மெட்ராஸுக்குப் போன் போட்டார், இனி புத்தகத்திலேயே உன் பாடம் வரும் என்று. அழுகிற வீட்டில் சொல்வதற்கு என்னிடம் வேறு என்ன இருந்தது. அக்கா, உன் அம்மா, அதைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், "புது புக்கு வந்திருக்கும், வாங்கினு வாடா" என்றாள்.

வாங்கி வந்தேன். அதே காற்று, அதே நீர். அக்காவுக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். டேங்கர், கிணறு, ஏரி, புகை எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசை மாறாமல் படித்தேன். வேறு எதிலும் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ப்பவன், இதில் ஒரு சொல் கூடச் சேர்க்கவில்லை. அக்கா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போனால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். படிக்கிறேன். முடிந்ததும், "அப்புறம் இன்னா எழுதிக்கீறா?" என்று கேட்கிறாள்.

நான் வந்தது அந்த ஒரு வகுப்புக்குத்தான், பாப்பா. அதற்குமேல் எனக்குத் தெரியாது.