நார் எடுத்த புலி கிடைக்கும்

பாய்,

மலைவாழ் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், நமது வணிகர் சங்கத்தின் சாலையோரப் பலகைக்கு இன்று காலை புது மஞ்சள் பெயின்ட் அடிக்கப்பட்டது. காய்வதற்குள் ஓர் ஆடு உரசிப் பார்த்துத் தன் முதுகையும் மஞ்சளாக்கிக்கொண்டது. மற்றபடி அசம்பாவிதம் ஏதுமில்லை.

அந்தப் பெயின்ட் வாசனைதான் என்னை உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. டப்பாவை என் முன்னால் வைத்து நீங்கள் சொன்னது மட்டும் அப்படியே காதில் நிற்கிறது. "சங்கத்துக்கு நடுவுல 'ட' போட்ட கை இதுதானே? வா பேட்டா, இனிமே சம்பளம் இல்லாத பெயின்டர் நீ."

போட்டது நான்தான், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது. 'வணிகர் சங்கம்' ஒரே ராத்திரியில் 'வணிகர் சங்கடம்' ஆனது. ஆனால் அந்த வருடம் உங்களுக்கு நிஜமாகவே சங்கடம் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நம் மலைப் புளியெல்லாம் போளூர் மண்டிக்கு இறங்கும். அருவி பார்க்க வரும் கார்க்காரர்கள் இங்கே நிற்காமல் போய், அதே புளியைப் போளூரில் வாங்குவார்கள். "இந்த வருஷம் யாரும் மண்டிக்கு அனுப்பாதீங்க. சங்கமே இங்க விக்கும், நான் பொறுப்பு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னீர்கள். செயலாளர் பேச்சை நம்பி, ஊர்ப் புளி மொத்தமும் உங்கள் கிடங்கில் வந்து குவிந்தது. கார்கள்தான் நிற்கவில்லை. மழை வந்து ஈரம் ஏறிவிட்டால் மண்டிக்காரர்கூடத் தொட மாட்டார்.

"இன்னா பாய், விப்பீங்களா? இல்ல, ஊருக்கே நீங்க ரசம் வைக்கப் போறீங்களா?" என்றார் தலைவர். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு நக்கலுக்குச் சிரிக்காத பாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் பிரஷ்ஷைக் கொடுத்தீர்கள். சாயங்காலம் வந்து பலகையைப் படித்தீர்கள். 'மலைப் புலி கிடைக்கும். புதுப் புலி, பழைய புலி, நார் எடுத்த புலி.'

"இன்னாடா இது?"

"விளம்பரம், பாய்!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்தீர்கள், பலகையைப் பார்த்தீர்கள், மறுபடி என் முகத்தைப் பார்த்தீர்கள். "இருக்கட்டும்" என்று போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை முதல் கார் வளைவைத் தாண்டிப் போய், பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து நின்றது. இறங்கியவர், "புலியை வீட்டுல கட்டி வைக்கலாமா?" என்றார்.

"குழம்புல விட்டா அடங்கிடும் சார். புதுசு கொஞ்சம் சீறும், பழசா எட்துனு போங்க" என்றீர்கள்.

அதன்பிறகு நின்ற ஒவ்வொரு காரிடமும் போய், ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். எனக்கு அது தீராத ஆச்சரியம். "சரியா எழுதியிருந்தா படிச்சிருக்கவே மாட்டேன் தம்பி" என்றார் ஒருவர். பலகையோடு படம் எடுத்தவர்கள் பையோடு போனார்கள். மழைக்கு முன்னால் கிடங்கு காலி. உங்கள் சிரிப்பும் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து நான் ஊரில் யாரையும் சும்மா விட்டதில்லை. ஒரே எழுத்தில் மலையின் வியாபாரத்தையே தூக்கி நிறுத்தியவன் நான் என்று பள்ளிக்கூடம், பஸ், முடி திருத்தும் கடை எதையும் பாக்கி வைக்கவில்லை. இப்போது அதுவே வினையாகிவிட்டது. புதுப்பிக்கும் பலகையிலும் புலியே இருக்கட்டும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. அந்த யோசனை எப்படி உதித்தது என்று நாளைக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம்.

என்ன பேசுவது, பாய்? அன்று 'இருக்கட்டும்' என்று சொல்லும்போது உங்களுக்குத் தெரியுமா? கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டேன். இப்போதும் பேனா எடுத்தால் ஒவ்வொரு 'ள'வுக்கும் ஒருமுறை நாக்கை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அது விளம்பரமும் இல்லை, குறும்பும் இல்லை. நீங்கள் "இன்னாடா இது" என்று கேட்கிற வரைக்கும், சமையலுக்குப் போடுகிற புளிக்கு அந்த 'லி'தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.