கோந்து போட்ட அல்லி

3ஆம் தேதி, திங்கள்

அடி வாயாடி,

முழங்கால் வலி தேவலையா? இதை உன் பேத்தியின் புத்தகப் பையில் வைத்து அனுப்புகிறேன். அஞ்சாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு கடத்தின புத்தி, தலைமை ஆசிரியை ஆன பிறகும் போகவில்லை பார்.

12ஆம் தேதி, புதன்கிழமை, பள்ளியில் தேசிய மலர் நாள். கல்வி அதிகாரி வருகிறார். இந்தியாவுக்குத் தாமரை மாதிரி நம் நாட்டுக்கு அல்லியாயிற்றே, பிள்ளைகள் ஆளுக்கொரு அல்லிப்பூவோடு வரிசையில் நிற்க வேண்டும். அறுபது பூ வேண்டும். உன்னை விட்டால் யார் அந்தக் குளத்தில் இறங்குவார்கள்? மலரைப் பற்றி மேடையில் பேசப்போவது உன் குட்டிதான். காலை ஒன்பது மணிக்கு விழா.

உன் குச்சி


4ஆம் தேதி, செவ்வாய்

என் குச்சிக்கு,

குட்டி மேடையேறப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டுத் தையற்காரி, "போதும்டி, இதோட மூணு தடவை சொல்லிட்டே" என்றாள். நாலாவது தடவையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அறுபது என்ன, எழுபதாகவே தருகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அல்லி ராத்திரியில் விரிகிற பூ. வெயில் ஏறி மணி பத்தாகிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் ராஜாவே வந்து கெஞ்சினாலும் திறக்காது. அதனால் ஒன்பது என்றால் ஒன்பதுக்கே தொடங்கிவிடு. குட்டியின் பேச்சிலும் இதைச் சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லையாம். எழுதினவர் கால் நனைக்காதவர் போலிருக்கிறது.

உன் வாயாடி


12ஆம் தேதி, புதன், சாயங்காலம்

குச்சி,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

குட்டி வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள். பத்து விரலிலும் கோந்து. அதிகாரி பன்னிரண்டரைக்குத்தான் வந்தாராம். அதற்குள் பூவெல்லாம் மூடிக்கொண்டதாம். நீ பிள்ளைகளை உட்காரவைத்து, மூடின இதழ்களை நகத்தால் பிரித்து, காகிதத் தட்டில் கோந்து தடவி ஒட்டச் சொன்னாயாம். மேலே சென்ட் வேறு அடித்தாயாம். அவள் பங்குக்கு வந்த தட்டு இதோ என் எதிரில் இருக்கிறது. இதழெல்லாம் அழுகின வாழைப்பழத் தோல் மாதிரி கறுத்துப்போய், சென்ட்டும் புளிச்ச வாடையும் கலந்து வீசுகிறது. தொடையில் ஒட்டின அட்டைப் பூச்சியைப் பிய்த்து எறிந்துவிட்டு அதே கையைக் கழுவிச் சாப்பிட உட்காருகிறவள் நான். இதைத் தொட எனக்கு ஆகவில்லை.

அதைக்கூட விடு. குட்டி மேடையில், "எங்கள் அல்லி பத்து மணிக்கு மேல் மூடிக்கொள்ளும்" என்றாளாம். அதிகாரி தன் கையில் இருந்த தட்டைப் பார்த்துச் சிரித்தாராம். உடனே நீ மைக்கைப் பிடுங்கி, "குழந்தை தப்பாச் சொல்லிட்டா சார். நம்ம தேசிய மலர் எப்பவும் மலர்ந்தேதான் இருக்கும், நம்ம மக்களோட முகம் மாதிரி" என்றாயாம். எல்லாரும் கை தட்டினார்களாம். அதையே பத்துத் தடவை எழுதி வரச் சொல்லி இம்போசிஷன் வேறு.

ஆறாவது வரியில் பென்சிலை வைத்துவிட்டு என்னைக் கேட்கிறாள், "பாட்டி, நீ என்கிட்ட பொய்யா சொன்னே?"

நான் என்ன பதில் சொல்லட்டும்?

வாயாடி


14ஆம் தேதி, வெள்ளி

அன்புத் தோழிக்கு,

இதற்குப் போய் இத்தனை கோபமா? மூன்று வகுப்பறைக்குக் கூரை ஒழுகுகிறது. அந்த மனிதர் முகம் சுளித்தால் அது இன்னும் பத்து வருஷம் ஒழுகும். அவர் எதிரில் வாடின பூவை நீட்டச் சொல்கிறாயா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது பெருமை. பூ எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதில்லை. அஞ்சாவதோடு நின்றுவிட்ட உனக்கு இதெல்லாம் புரியாது.

26ஆம் தேதி பெரிய மைதானத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து விழா. நம் பள்ளிதான் முன்வரிசை. முந்நூறு பூ வேண்டும். கோபத்தை மறந்து அனுப்பு.

குச்சி


15ஆம் தேதி, சனி

குச்சி,

ஆமாம், அஞ்சாவதோடு நின்றவள்தான். அந்த அஞ்சாவதில் உனக்குத் தண்ணீர் என்றால் பயம். தினமும் நான் பறித்துவந்த அல்லியை டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைப்பாய். இரண்டாவது மணி அடிப்பதற்குள் அது மூடிக்கொள்ளும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுவாய். "நாளைக்கு வேற தரேன், வாயை மூடுடி, பூவே மூடிடுச்சு" என்பேன். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே அந்தக் குழந்தையைப் பொய்க்காரி ஆக்கினாயே, அதுதான் குமட்டுகிறது.

முந்நூறு கிடையாது. பையில் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். மூடித்தான் இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு வை. கோந்தில்லாமல் தானாகத் திறக்கிறதா இல்லையா என்று பார். திறந்தால் குட்டியின் நோட்டில் அந்தப் பத்து வரியையும் உன் கையால் அடித்துவிடு. வேறெதுவும் கேட்கவில்லை.

வாயாடி


18ஆம் தேதி, செவ்வாய்

மதிப்பிற்குரிய பாதுகாவலருக்கு,

26ஆம் தேதி நடைபெறும் விழாவிற்கு மாணவ மாணவியர் அனைவரும் துணியால் செய்த அல்லிப்பூ ஒன்றை உடன் கொண்டுவர வேண்டும். பூ நன்கு விரிந்த நிலையில் இருப்பது அவசியம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை


25ஆம் தேதி, செவ்வாய்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. முத்திரைகூடக் கோணாமல் குத்தியிருக்கிறீர்கள். நோட்டும் திரும்பி வந்தது. பத்து வரிக்கும் சேர்த்து "நன்று" போட்டிருக்கிறீர்கள்.

நாளை ஒருநாள் என் பேத்திக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம்: காலை பத்து மணிக்குள் குளத்தங்கரையில் உட்கார்ந்து, பூ மூடுகிறதா இல்லையா என்று அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

"காய்ச்சல்னு எழுது பாட்டி, அதான் எல்லாரும் எழுதுவாங்க" என்றாள். தங்கள் பள்ளியில் நன்றாகத்தான் படித்திருக்கிறாள்.

நான் அப்படி எழுதவில்லை.

இப்படிக்கு,
பாதுகாவலர்